கண்ணாடிச் சோதனையில் தோற்ற நாய்க்குத் தன்னைத் தெரியாதா?

"அஞ்சறிவு ஜீவன்தானே, அதுக்கு என்ன தெரியும்?" சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலிலும் கேட்கலாம், காரைக்குடிச் சந்தையிலும் கேட்கலாம். இப்படிச் சொல்பவர்கள் தொல்காப்பியத்தைத்தான் துணைக்கு இழுக்கிறார்கள். ஆனால் அதன் மரபியலில் மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன கையோடு "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்றும் வருகிறது, அதாவது சில விலங்குகளுக்கும் அது உண்டு. அந்த ஆறாவது அறிவு மனம். யானை, குரங்கு, கிளி என்று உரைகாரர்களும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பாதியை மட்டும் படித்துவிட்டு மாட்டின் வாலை முறுக்குவது நியாயமே இல்லை.

விலங்குக்கு ஆன்மா உண்டா என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று நாள் தவறாமல் சிவபுராணம் ஓதும் வீடுகள் இங்கே நிறைய. உடம்புதான் மாறும், உயிருக்கு அந்த வேற்றுமை இல்லை என்பது சைவம். ஏற்காதவரிடம் அதை நிரூபித்துக் காட்ட வழியில்லை. மனமும் தன்னுணர்வும் அப்படியல்ல, சோதித்துப் பார்க்கலாம்.

செட்டிநாட்டு வீட்டு பெல்ஜியம் கண்ணாடியைச் சிட்டுக்குருவி கொத்துவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வளவு முற்றத்துக்குள் இறங்கி வரும் குருவி, உள்ளே தெரிவதை எதிரி என்று நினைத்து அலகால் மோதும். (கூடு கட்டும் மாதங்களில் பழைய வேட்டி ஒன்றைப் போட்டுக் கண்ணாடியை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பாவம், இரை தேட வேண்டிய நேரமெல்லாம் சண்டையில் போய்விடும்.) எல்லா விலங்கும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சில, கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடும். பிறகு தலையை ஆட்டி, கையைத் தூக்கி, "நான் செய்வதையே இதுவும் செய்கிறதா" என்று பார்க்கும். கடைசியில் தன் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடியைப் பயன்படுத்தும். 1970-இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப் இதைச் சோதனையாக்கினார். சிம்பன்சிகளைச் சில நாள் கண்ணாடியோடு பழகவிட்டு, மயக்கத்தில் இருக்கும்போது புருவ மேட்டிலும் காதிலும் மணமில்லாத சிவப்புச் சாயம் பூசினார். விழித்ததும் முதலில் கண்ணாடி இல்லாமல் எத்தனை தடவை அந்த இடத்தைத் தொடுகின்றன என்று எண்ணினார், அடுத்து கண்ணாடியோடு. கண்ணாடியோடு அதிகம் தொட்டால், உள்ளே தெரிவது தான்தான் என்று அதற்குப் புரிந்ததாகக் கணக்கு. அந்த முதல் எண்ணிக்கைதான் சோதனையின் உயிர். அது இல்லாவிட்டால், சாயம் தோலை அரித்ததால் தொட்டதா, பார்த்துத் தொட்டதா என்று பிரிக்க முடியாது.

நாய் இதில் தோற்கும். அதற்காக நாய்க்கு 'நான்' இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தவறு. நாய் உலகத்தை மூக்கால் அறிகிற பிராணி. 2017-இல் நாய்களை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் நாய்களுக்கு அவற்றின் சிறுநீரையே மோக்கக் கொடுத்தார், ஒன்று அப்படியே, இன்னொன்று வேறு வாடை கலந்து. கலந்ததைத்தான் அவை அதிக நேரம் மோந்தன. "என் வாடைதான், ஆனால் ஏதோ மாறியிருக்கிறதே!" என்று அதை வாசிக்கலாம்.

2021-இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் செய்ததை நீங்களே வீட்டில் செய்யலாம். நாலு காலும் அடங்கும் அளவுக்குச் சின்னப் பாய், அதில் கயிற்றால் கட்டிய பொம்மை. பாயின் மேல் நிற்கும் நாயிடம் பொம்மையை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இழுத்தால் காலடியில் பாய் தூக்கும், பொம்மை வராது. தடையாக நிற்பது தன் உடம்புதான் என்று புரிந்தால் இறங்கிவிடும். அடுத்து பொம்மையைப் பாயில் கட்டாமல் தரையில் ஓர் ஆணியில் கட்டுங்கள். இந்தத் தடவை இறங்கினாலும் பயனில்லை. முதல் முறையில் சீக்கிரம் இறங்கி, இரண்டாவதில் அப்படி இறங்காவிட்டால்தான் கணக்கு. பெரும்பாலும் கெட்டுப்போவது நம்மால்தான்: கையை நீட்டுவோம், "வா வா" என்போம், ஒரு அடி பின்னால் வைப்போம். நாய் பாயைப் பார்க்காது, நம்மைப் பார்த்து இறங்கும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

எல்லாம் நிரூபணமானால்தான் இரக்கம் காட்டுவேன் என்பது எனக்குச் சம்மதமில்லை. திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 2024-இல் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் வெளியிட்ட பிரகடனமும் இதைத்தான் சொல்கிறது: முதுகெலும்புள்ள எல்லா உயிருக்கும் உணர்வு இருக்க வாய்ப்புண்டு, அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது பொறுப்பின்மை.

யானைக்கு வருகிறேன். முதலில் கண்ணாடிச் சோதனை செய்தபோது கண்ணாடி சின்னது, கம்பிக்கு வெளியே எட்டாத இடத்தில் இருந்தது. யானை தோற்றது. 2006-இல் நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவில் இரண்டரை மீட்டர் சதுரக் கண்ணாடி வைத்தார்கள். ஹேப்பி என்ற யானை, தலையில் போட்ட வெள்ளைக் குறியைக் கண்ணாடியில் பார்த்துத் துதிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத போலிக் குறி ஒன்றும் போட்டிருந்தார்கள், அதைத் தொடவில்லை. உடனிருந்த மற்ற இரண்டும் தேறவில்லை. உடம்பெல்லாம் சேறு பூசிக்கொள்ளும் பிராணிக்கு ஒரு பொட்டு பெரிய விஷயமாக இல்லாமலும் இருக்கலாம்.

ஹேப்பி ஆசிய யானை, நம் கோயில் யானைகளின் இனமேதான். 2024 செப்டம்பரில் குன்றக்குடிக் கோயில் யானை சுப்புலட்சுமி, கொட்டகையில் பிடித்த தீயில் வெந்து இறந்தது. தன்னைத் தானென்று அறியும் ஓர் உயிர் அந்த நேரத்தில் என்ன பட்டிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இனி எந்தக் கோயில் யானைக் கொட்டகையிலும் கீற்று வேண்டாம். வெளியேற இரண்டு வழி, ஒரே இழுப்பில் கழலும் கொக்கி, இரவிலும் கூப்பிடு தூரத்தில் பாகன், பாதம் புண்ணாகாத மண்தரை, இவ்வளவும் வேண்டும். பெண் யானை கூட்டத்தோடு வாழப் பிறந்தது. துணைக்கு இன்னொரு யானை வைக்க வசதியில்லாத கோயில், புதிதாக யானை கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடட்டும்.