படத்துல இருந்துச்சே!

(மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டு வாசல். தெருவில் ஆட்டோ நிற்கிறது. விற்பவர் செல்வி. வாங்க வந்திருப்பவர் முத்தையா, திருப்பரங்குன்றத்துக்காரர்.)

முத்தையா: கிரைண்டர் சரிம்மா. ஃப்ரிட்ஜு எங்க?

செல்வி: எந்த ஃப்ரிட்ஜு?

முத்தையா: படத்துல இருந்துச்சே. கிரைண்டருக்குப் பின்னாடி, செவப்புக் கலரு.

செல்வி: அது எங்க ஃப்ரிட்ஜுண்ணே. உள்ள பால் இருக்கு.

முத்தையா: பாலை எடுத்துக்கம்மா. நான் ஒண்ணும் சொல்லல.

செல்வி: விளம்பரத்துல என்னண்ணே எழுதியிருக்கேன்? ரெண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டர், 2019ல வாங்குனது, பில் இருக்கு, போன வருஷம் பெல்ட் மாத்துனது, விலை 2,800. இதுல ஃப்ரிட்ஜு எங்க வருது?

முத்தையா: எழுத்தை யாரும்மா படிக்கிறா? ஆன்லைன் ஏலத்துல லாட்டுன்னு போடுவாய்ங்க. லாட் நம்பர் 14னா, அந்தப் படத்துல இருக்கிற அம்புட்டும் ஒரே லாட். எடுத்தவன் அள்ளிட்டுப் போக வேண்டியதுதான்.

செல்வி: இது லாட் இல்லண்ணே, அடுப்படி.

முத்தையா: அப்ப அந்த கேஸ் அடுப்பு? அதுவும் படத்துல இருந்துச்சே.

செல்வி: அதுல இப்ப சாம்பார் கொதிக்குது.

முத்தையா: செவுத்துல ஒரு கடியாரம்...

செல்வி: அண்ணே, கடியாரத்துக்குக் கீழ சேர்ல எங்க மாமியார் உக்காந்திருந்தாங்களே, பாத்தீங்களா?

முத்தையா: பாத்தேன். பச்சைச் சேலை.

செல்வி: அவங்களையும் ஆட்டோவுல ஏத்திக்கங்க. அரைக்கிறதுல கிரைண்டரெல்லாம் கிட்ட நிக்காது. கல் கொத்தவும் வேணாம், கரண்டும் வேணாம். (உள்ளே திரும்பி) ஒண்ணுமில்லத்தே, கிரைண்டரைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க டிவி பாருங்க.

முத்தையா: ஒரு வேட்டியைப் பின்னாடி தொங்கவிட்டு எடுத்திருந்தா இந்தச் சந்தேகமே வந்திருக்காதும்மா.

செல்வி: அது வாஸ்தவம். ஆனா மத்த படமெல்லாம் பாத்தீங்கல்ல? மேல இருந்து கல்லு, கவுத்துப் போட்டு பெல்ட்டு, அடியில வாட்ஸ் எழுதியிருக்கிற தகடு, பில்லு, ஓடுற வீடியோ. ஏன் இத்தனையும் போட்டேன்? யாரும் வந்து "ஓடுமா, எத்தனை வாட்ஸு, பில் இருக்கா"ன்னு கேக்கக் கூடாதுன்னு. அவய்ங்க ரெண்டே கேள்விதான் கேக்குறாய்ங்க. "இருக்கா?" இருக்குன்னா, "கடைசி விலை?" மொத விலைக்கே யாரும் வரல, அதுக்குள்ள கடைசி விலையாம்.

முத்தையா: நான் அப்படிக் கேக்கலம்மா. நான் போன் பண்ணேன். நீதான் கட் பண்ணிட்ட.

செல்வி: எடுத்ததுமே "நான் மிலிட்டரி பேசுறேன்"னு சொன்னீங்க. வேற என்ன பண்ண?

முத்தையா: பதினேழு வருஷ சர்வீஸ்மா! இன்னைக்கும் பென்ஷன் வாங்குறேன்.

செல்வி: ஊரை ஏமாத்துறவன் பூராம் அதைத்தான் சொல்றான். மிலிட்டரியில இருக்கேன், வேற ஊருக்கு மாத்தலாயிருச்சு, வண்டி வந்து சாமானை எடுத்துக்கும், நீங்க இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் ஏறிரும்பான். ஸ்கேன் பண்ணிப் பின் நம்பரைப் போட்டா, நம்ம கணக்குலேருந்து அவன் கணக்குக்குத்தான் போகும். பணம் வர்றதுக்குப் பின் நம்பரே தேவையில்லண்ணே. பின் நம்பர் கேட்டாலே நம்ம காசு கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். கூடவே அடையாள அட்டை போட்டோ வேற அனுப்புவான்.

முத்தையா: நானும் அனுப்புனேனே.

செல்வி: அதைப் பாத்துத்தான் பிளாக்கே பண்ணேன்.

முத்தையா: பெறகு எப்படிம்மா நம்பி வரச் சொன்ன?

செல்வி: வேற நம்பர்லேருந்து கூப்பிட்டு, 2,800 ரொம்ப ஜாஸ்தின்னீங்க பாருங்க, அப்பத்தான் உயிரே வந்துச்சு. ஏமாத்துறவன் விலை பேச மாட்டாண்ணே. சொன்ன விலைக்கு உடனே தலையாட்டுவான். சாமானைப் பாக்கணும்னுகூட கேக்க மாட்டான். அவன் வாங்கவா வர்றான்? பணம் போயிருச்சுன்னா ஒடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு போன் அடிக்கச் சொல்றாங்க. லேட்டாக லேட்டாக அவன் காசைக் கணக்கு மாத்திருவானாம்.

(முத்தையா குனிந்து சுவிட்சைத் தட்டுகிறார்.)

செல்வி: அய்யய்யோ, நிறுத்துங்க! வெறும் கல்லை ஓட்டாதீங்க. கல்லோட கல்லு உரசி வழவழன்னு ஆயிரும்.

முத்தையா: ஓடுதான்னு பாக்க வேணாமா?

செல்வி: அதுக்குத்தான் காலையிலேயே அரைக்கிலோ அரிசி ஊறப் போட்டு வச்சிருக்கேன். மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி. ஓட விட்டு அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா அரிசி. மொத்தமாக் கொட்டிட்டுச் சுவிட்சைப் போட்டா கல்லு சுத்தாம நிக்கும், பெல்ட்டு வழுக்கும், ரப்பர் கருகுற வாடை வரும்.

முத்தையா: (காதை வைத்துக் கேட்கிறார்) சத்தம் வருதே.

செல்வி: கிரைண்டர்னா சத்தம் வரும். எந்தச் சத்தம்னுதான் பாக்கணும். சுவிட்சு போட்டதும் சுத்தாம உர்ருன்னு உறுமிக்கிட்டே நின்னு, கையால தள்ளிவிட்டாத்தான் ஓடுதுன்னா கெப்பாசிட்டர் போச்சு. அது சின்னச் செலவு. உறுமிக்கிட்டு நிக்கிறப்ப ஆஃப் பண்ணாம விட்டாத்தான் வைண்டிங் கருகி பெரிய செலவாகும். இது போட்டதும் எடுக்குதுல்ல?

முத்தையா: எடுக்குது.

செல்வி: மாவைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா?

முத்தையா: இல்ல.

செல்வி: கல்லு தேஞ்சு வழவழன்னு ஆயிருந்தா ரொம்ப நேரம் சுத்தும், மாவு சூடாயிரும். சூடான மாவுல இட்லி கல்லு மாதிரி வரும். மாவுல கறுப்பா கோடு தெரியுதா? தெரிஞ்சா அடியிலேருந்து கிரீஸ் ஏறுதுன்னு அர்த்தம், அந்தச் சாமானை வாங்கவே கூடாது. அதையும் பாத்துக்கங்க. எல்லாம் பாத்தாச்சா?

முத்தையா: ரெண்டு லிட்டருன்னு போட்டிருந்த. ரெண்டு கிலோ போடலாமா?

செல்வி: ரெண்டு லிட்டருங்கிறது பாத்திரத்தோட கொள்ளளவு. காஞ்ச அரிசியில ஒரு கிலோவைத் தாண்டாதீங்க. ஊறுனா பெருகும், அரைக்க அரைக்க இன்னும் மேல வரும். ஒரு குறையும் சொல்லிர்றேன். மாவை உள்ள தள்ளிவிடுற பிளாஸ்டிக் துண்டு ஓரத்துல தேஞ்சிருக்கு. மாத்தலைன்னா ஓரத்துல மாவு அரைபடாம ஒட்டிக்கிட்டு நிக்கும். இதையும் விளம்பரத்துலேயே எழுதியிருக்கேன்.

முத்தையா: எழுத்தை யாரும்மா...

செல்வி: தெரியும்ணே.

(நடுவில் நாம் ஒன்று சொல்லிக்கொள்ளலாம். குறையை முதலிலேயே எழுதிவிட்டால் வாங்க வருகிறவர் அதைக் கண்டுபிடித்து விலை குறைக்க முடியாது என்பார்கள். படிக்கிறவர்களிடம் அது பலிக்கும்.)

முத்தையா: அந்தப் பிளாஸ்டிக் தேஞ்சிருக்குல்ல, அதுக்கு ஒரு ஐந்நூறைக் குறைச்சிக்கம்மா.

செல்வி: அதைக் கழிச்சுத்தானே 2,800 போட்டேன்.

முத்தையா: முந்நூறு.

செல்வி: பேசாம இருங்கண்ணே.

முத்தையா: இருநூறு. ஆட்டோவுக்குன்னு வச்சுக்க. ஏலமா இருந்தா இந்நேரம் நான் ஜெயிச்சிருப்பேன்.

செல்வி: அடிக்கடி ஏலம் ஏலம்னு சொல்றீங்களே, அப்படி என்னத்தண்ணே ஜெயிச்சீங்க?

முத்தையா: பித்தளைக் குத்துவிளக்கு! மொராதாபாத் சாமான். அந்த ஊரே பித்தளைக்குப் பேர் போனது. ஏலம் எப்படின்னா, நம்ம உச்ச விலையைப் போட்டு வச்சிரலாம். அது யாருக்கும் தெரியாது. எதிராளி ஏத்துனா, நமக்காக அந்த ஆப்பே ஒரு படி மேல ஏத்திக்கிட்டுப் போகும். நான் 2,000 போட்டு வச்சேன். ராத்திரி பத்து மணிக்கு 1,200லதான் நின்னுச்சு. எம்புட்டு லாபம் பாத்தியா?

செல்வி: அந்த 1,200க்கே கெடச்சிருச்சா?

முத்தையா: கடைசி நிமிஷத்துல எவனோ 2,100ங்கிறான். கடைசி அஞ்சு நிமிஷத்துல யாரு கேட்டாலும் இன்னொரு அஞ்சு நிமிஷம் நீளும். நான் 2,200. அவன் 2,300. திரும்ப அஞ்சு நிமிஷம். விடுவனா? பதினொண்ணே கால் மணிக்கு 3,100ல அவன் ஓடிட்டான். ஜெயிச்சிட்டேன்!

செல்வி: எத்தனை பேரு கேட்டாய்ங்க?

முத்தையா: பன்னெண்டு பேரு.

செல்வி: மீதிப் பதினோரு பேரும் "இதுக்கு மேல தகாது"ன்னு விட்டுட்டுப் போன விலைக்கும் மேல குடுத்து வாங்கியிருக்கீங்க. அதுக்குப் பேரு ஜெயிப்பா? மொதல்லேயே 2,000ன்னு ஒரு கணக்குப் போட்டீங்கல்ல, அதுதான் உங்க விலை. அதைத் தாண்டுனதும் நீங்க போனை வச்சுட்டுப் படுத்திருக்கணும்.

முத்தையா: பித்தளைம்மா!

செல்வி: காந்தம் வச்சுப் பாத்தீங்களா?

முத்தையா: பாத்தேன், ஒட்டல. நல்ல பித்தளைதான். உயரம்தான் கொஞ்சம்... 24ன்னு போட்டிருந்தான். ரெண்டடி விளக்குன்னு நெனச்சேன். வந்ததைப் பாத்தா ஒரு சாண் இருக்கு.

செல்வி: 24 சென்டிமீட்டர். பத்து இஞ்சுகூட இல்ல.

முத்தையா: படத்துல பெருசா இருந்துச்சே!

செல்வி: பக்கத்துல ஒரு தீப்பெட்டி வச்சு எடுக்கச் சொல்லியிருக்கணும். மொத்தம் எம்புட்டுக் கட்டுனீங்க?

முத்தையா: 3,100தான். அப்புறம் ஏலக் கம்பெனிக்கு வாங்குறவன் கமிஷன் 15 சதவீதம், 465. அந்தக் கமிஷனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 83 ரூவா 70 பைசா. பார்சல் 390.

செல்வி: 4,038 ரூவா 70 பைசா. வெண்கலக்கடைத் தெருவுக்குப் போயிருந்தா தூக்கிப் பாத்து, தட்டிப் பாத்து, தராசுல வச்சு வாங்கியிருக்கலாம். மதுரையில இருந்துக்கிட்டு மொராதாபாத்துலேருந்து ஒரு சாண் விளக்கு. சரி, அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு இருநூறு குறைங்கன்னு கேட்டீங்களா?

முத்தையா: அது எப்படிம்மா கேக்க முடியும்? கம்ப்யூட்டர் போட்ட பில்லு.

செல்வி: பார்சல் செலவைக் கழிங்கன்னு கேட்டீங்களா?

முத்தையா: விதிமுறைன்னு போட்டிருந்தாய்ங்க. உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்க மாட்டோம்னு.

செல்வி: அதை மட்டும் படிச்சிருக்கீங்க. பாக்காத சாமானுக்கு 70 பைசா வரைக்கும் சுத்தமா கட்டியிருக்கீங்க. இங்க ஒருத்தி அரிசி ஊறப்போட்டு, அரைச்சுக் காட்டி, குறையைச் சொல்லி, பில்லையும் கையில குடுக்குறா. அவகிட்ட மட்டும் ஐந்நூறு, முந்நூறு, இருநூறு. கம்ப்யூட்டர் கேட்டா விதிமுறை, பொம்பள கேட்டா பேரமா?

(முத்தையா மாவைத் தொட்டுப் பார்க்கிறார். இரண்டாம் முறையாக.)

செல்வி: சரி, ஏலக் கணக்கே போடுவோம். 2,800. கமிஷன் 15 சதவீதம், 420. அதுக்கு ஜிஎஸ்டி 75 ரூவா 60 பைசா. ஏத்துக்கூலி நூறு. 3,395 ரூவா 60 பைசா. உள்ளது உள்ளபடி.

முத்தையா: 2,800ஏ இருக்கட்டும்மா.

செல்வி: அனுப்புங்க.

முத்தையா: (போனை நீட்டி) இந்தா, போயிருச்சு பாரு. பச்சை டிக் வந்திருச்சு.

செல்வி: உங்க போன்ல பச்சை வந்தா எனக்கென்னண்ணே? அதே மாதிரி பச்சை டிக் காட்டுற பொய் ஆப்பெல்லாம் இருக்கு. என் பேங்க் கணக்குல ஏறுனதைப் பாத்துட்டுச் சொல்றேன். (பார்க்கிறார்) ம், வந்திருச்சு. இப்பக் கல்லைக் கழட்டித் தனியா கட்டுங்க. உள்ள வச்சே கொண்டு போனா, குண்டு குழியில ஆட்டோ குதிக்கிற குதியில கல்லு இடிச்சு, அதைப் புடிச்சிருக்கிற கம்பி வளைஞ்சிரும். வளைஞ்சா கல்லு ஒரு பக்கமாத்தான் அரைக்கும்.

முத்தையா: கட்டுறதுக்கு ஒரு பழைய சாக்கு இருக்குமா?

செல்வி: சாக்கு படத்துல இல்லண்ணே.

முத்தையா: ஏம்மா...

செல்வி: இந்தாங்க. ஆட்டுக்கல்லு, அம்மி எல்லாம் வீட்டுல இருந்த காலத்துச் சாக்கு. பரணைக் காலி பண்ணுனப்ப கெடச்சது. பரண்லேருந்து எதையும் இறக்கி விக்கிறதா இருந்தா ஒண்ணு கேட்டுக்கங்க. கட்டிலுக்குப் போல்ட் நட்டு இல்லைன்னா வெறகு விலைதான், அதனால கழட்டும்போதே ஒரு பையில போட்டு கட்டில் கால்லயே கட்டி வச்சிரணும். பித்தளையை எடைக்குப் போடலாம். பிள்ளைங்க சைக்கிளு, படிக்கிற மேசையெல்லாம் போட்டதும் போயிரும். பழைய துணிக்கு மட்டும் ஆள் வராது.

முத்தையா: விளக்கையும் வித்துத் தாரியாம்மா? பாதி விலை வந்தாக்கூட போதும்.

செல்வி: அளவைச் சென்டிமீட்டர்னு எழுத்துல போட்டு, பக்கத்துல தீப்பெட்டி வச்சு எடுத்து, எடையைச் சொல்லி...

(முத்தையாவின் போன் கிணுங்குகிறது.)

செல்வி: யாருண்ணே?

முத்தையா: ஒண்ணுமில்லம்மா. "உங்களை ஒருவர் முந்திவிட்டார்"னு வருது.

செல்வி: எதுல?

முத்தையா: (குரலைத் தாழ்த்தி) கோயமுத்தூர் கிரைண்டர் ஒண்ணு. நீ போனைக் கட் பண்ணிட்டியா, அதான் ஒரு பாதுகாப்புக்கு... 2,450லதான் இருக்கு. இன்னும் நாலு நிமிஷம்...

செல்வி: அதுக்குக் கமிஷன் 367 ரூவா 50 பைசாண்ணே, பார்சலை இன்னும் சேக்கல. வெளியில ஆட்டோக்காரர் நிக்கிறாரு. அவரு வெயிட்டிங்க்கு நிமிஷத்துக்கு ஒரு படி ஏத்துவாரு, எதிராளியே வேணாம்.