பாப்பிப் பூவும் பூவரசம்பூவும்

ஒவ்வொரு நவம்பரிலும் பிரிட்டனில் சட்டைகளில், போரில் மாண்ட படைவீரர்களின் நினைவாக அணியும் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ ஏறத் தொடங்கியதும், அதை அணியாதவர்களைப் படைவீரர்களை மதிக்காதவர்கள் என்று ஏசுவதும் தொடங்கிவிடுகிறது. வட அயர்லாந்தின் டெரி நகரில் பிறந்த கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்ளீன், 1972இல் அதே நகரில் நிராயுதபாணிகளான பொதுமக்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றதை முன்னிட்டு, பாப்பி பதித்த சட்டையை 2012 முதல் மறுத்துவந்தார். இரு உலகப் போர்களில் மாண்டவர்களுக்கான பூவாக மட்டும் அது இருந்திருந்தால் தயங்காமல் அணிந்திருப்பேன் என்று அவர் வெளிப்படையாகவே எழுதிய பிறகும் வசை ஓயவில்லை.

இந்தப் பூ எதற்காக விற்கப்பட்டது என்பதை ஏசுபவர்களில் பலர் மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். பெல்ஜியத்தின் போர்க்களத்தில் பணியாற்றிய கனடிய மருத்துவர் ஜான் மெக்ரே 1915இல் எழுதிய கவிதையிலிருந்து பாப்பி நினைவுச் சின்னமாயிற்று. ஆனால் 1921இல் முன்னாள் படைவீரர்களுக்கான அமைப்பான பிரிட்டிஷ் லீஜியன் அதைத் தெருவில் விற்றதற்குக் காரணம், போரிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கானோர் ஊனமுற்றும் வேலையின்றியும் கிடந்ததுதான். மறு ஆண்டே, உறுப்பிழந்த வீரர்களைக் கொண்டு பூச்செய்யும் தொழிற்சாலை ஒன்றை மேஜர் ஜார்ஜ் ஹௌசன் தொடங்கினார். போருக்கு அனுப்பிய அரசு செய்திருக்க வேண்டியதை உண்டியல் குலுக்கிச் செய்ய நேர்ந்தது என்பதுதான் என் கண்ணில் படுகிற முதல் உண்மை. படையில் பணியாற்றியவரின் துயரத்துக்குத் தோள் கொடுப்பவர், அவர் அனுப்பப்பட்ட ஒவ்வொரு போரையும் நியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இலங்கையில் பாப்பியை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. பாப்பி விற்ற பணம் பெரும்பாலும் பிரிட்டிஷ் வீரர்களுக்கே போகிறது, நம்மவர்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்று கண்ட ஏலியன் பெரேரா, 1931இல், முதல் உலகப் போர் ஓய்ந்த நாளாகப் பாப்பி விற்கப்படும் அதே நவம்பர் 11 அன்று சூரியமல் எனப்படும் மஞ்சள் பூவரசம்பூவைப் போட்டிக்கு விற்கத் தொடங்கினார். அவரும் முன்னாள் படைவீரர்தான். ஆகவே படைவீரர்களை வெறுப்பவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைப் பாப்பி வாங்க வைப்பதைக் கண்டித்து 1933இல் நாளிதழில் எழுதிய டொரீன் யங், ஓர் ஆங்கிலேய ஆசிரியை. (பிற்காலத்தில் அவர் இலங்கை நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.) இளைஞர் சங்கங்கள் பூவரசம்பூ விற்பனையை முன்னெடுத்தபோது அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாறியது. பூ வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதால் பெரிய தொகை சேரவில்லை. இருந்தும் தெருவில் நிதி திரட்டுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு ஆட்சியாளர்களுக்கு அது உறுத்தியது. 1934இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, இவ்வியக்கத்தின் தொண்டர்களே கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள்.

பிரிட்டனில் வாழும் நம் தமிழ்ப் பெற்றோர் சிலர், பள்ளியில் பாப்பிக்குக் காசு கேட்டால் கொடுப்பதா மறுப்பதா என்று குழம்புகிறார்கள். பணம் காயமுற்ற வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவுவதால் நான் உண்டியலில் போட்டுவிடுவேன். பூவைக் குத்திக்கொள்வது அவரவர் விருப்பம் என்று விற்கிற லீஜியனே சொல்லும்போது, குத்தாத பிள்ளையை விளக்கம் சொல்ல வைக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது.