தீபாவளி மாதத்தில் பேய்ப்படம் பார்ப்பது குறித்து

புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியம்மா முறையுள்ள ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தீபாவளி வர்ற மாசத்துல ஆளுங்களக் கூட்டி வச்சிப் பேய்ப்படம் போடுறியாமே, உனக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. நான் ஏதோ கெட்டதை வீட்டுக்குள் அழைத்து வந்துவிடுவேனோ என்ற கவலைதான் இருந்தது. கூட்டத்தின் நடுவே நின்று சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அவருடைய பேத்தி முகநூலில் என் நட்பில் இருக்கிறாள். அவள் படித்துக் காட்டுவாள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முன்வாசலில், ஐந்து ஆண்டுகளாக, அக்டோபர் மாதச் சனிக்கிழமை இரவுகளில் பேய்ப்படங்களைச் சுவரில் போட்டுப் பார்த்து வருகிறோம். பழைய ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவர்களில் சிலர் என்று பன்னிரண்டு பேர் முதல் இருபது பேர் வரை வருவார்கள். இடைநிலைப்பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. விரதம் இருப்போரை எண்ணிப் புரட்டாசி முடியும்வரை ஈப்போவின் புந்தோங்கிலிருந்து வாங்கி வந்த கச்சாங் பூத்தே என்னும் கடலை நொறுக்கும் தேநீரும் மட்டுமே. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: படம் முடிந்தவுடன் யாரும் எழுந்து போகக்கூடாது. விளக்கைப் போட்டுவிட்டுக் குறைந்தது ஒரு மணி நேரம் பார்த்ததைப் பற்றிப் பேச வேண்டும். பேய்ப்படத்தில் பாதி அந்தப் பேச்சுதான் என்பது என் உறுதியான கருத்து. கைப்பேசியில் தனியாகப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்பவருக்கு அச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. ஏன் பயந்தாய், எந்த இடத்தில் பயந்தாய் என்று கேட்க நாலு பேர் எதிரே இருக்கும்போதுதான் அந்த அச்சத்துக்கு அடியில் கிடப்பது வெளியே வருகிறது.

அக்டோபர் 31 இரவில் வரும் ஹாலோவீன் வெள்ளைக்காரர்களின் பண்டிகை, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பதிலும் முகமூடி அணிவதிலும் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் அந்த நாளின் வேர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அயர்லாந்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். பின்னர் கிறிஸ்துவத் திருச்சபை நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவருக்கும் உரியதாகக் கொண்டதால், அதற்கு முந்தைய மாலையே ஹாலோவீன் ஆனது. மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவதை நாம் அறிவோம்.

நாமும் தீபாவளிக்கு முதல் நாள் என்ன செய்கிறோம்? வாழை இலை விரித்து, இறந்துபோனவர்களுக்குப் பிடித்த கோழிக்கறியையும் முறுக்கையும் வைக்கிறோம். தாத்தாவுக்குச் சுருட்டு, ஆச்சிக்கு வெற்றிலை, இரண்டு பேருக்கும் புதுத்துணி. சாம்பிராணி காட்டிவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்கிறோம். திரும்ப உள்ளே போகும்முன் கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும் என்று என் அம்மா இன்றும் சொல்கிறார். 2024இல் தீபாவளி சரியாக அக்டோபர் 31ஆம் நாளிலேயே வந்தது. அந்த வாரம் நாங்கள் படம் எதுவும் போடவில்லை. ஆனால் படையலுக்காகக் கதவைச் சாத்திவிட்டு இருட்டில் நின்ற அந்தச் சில நிமிடங்கள், அந்த மாதம் முழுவதும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தவற்றின் தொடர்ச்சியாகவே எனக்குப் பட்டது. பெரியம்மா, இறந்தவர்கள் வருவார்கள் என்பதை நம் வீடுகளில் கெட்டதாக யாரும் நினைத்ததில்லை.

இனிப் படங்களுக்கு வருகிறேன். ஜான் கார்பெண்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ 1978இல் வெளிவந்தது. மூன்று லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய செலவில் எடுக்கப்பட்ட படம் அது. கதை இல்லினாயில் இலையுதிர் காலத்தில் நடக்கிறது. படம் பிடித்ததோ கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். அதனால் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டிப் படமெடுத்து, முடிந்ததும் அவற்றையே அள்ளி மூட்டை கட்டி அடுத்த காட்சிக்குக் கொண்டுபோனார்கள். இதை நான் சொன்னபோது, தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகள் ரப்பர் மரம் சீவிப் பாலெடுத்த ஓர் அக்கா, நம் மரம் இலை கொட்டுவது பிப்ரவரி, மார்ச் வாக்கில் அல்லவா, அப்போது பாலும் குறையும் கூலியும் குறையும், நமக்குப் பயமான காலம் அதுதான் என்றார். எங்கள் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

அந்தப் படத்தில் இரத்தம் மிகக் குறைவு என்பதை இளைஞர்கள் நம்ப மறுத்தார்கள். மீண்டும் ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். பயமுறுத்தியது பெரும்பாலும் இசை. அதையும் கார்பெண்டரே அமைத்தார். ஐந்து ஐந்தாகப் போகும் அந்தத் தாளத்தைச் சிறுவயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை. உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் என் முன்னாள் மாணவன் ஒருவன் இரண்டாம் நிமிடத்திலேயே அதைக் கண்டுபிடித்து, "டீச்சர், இது கண்டம், அஞ்சு அஞ்சாப் போற தாளம்! நாலுல முடியும்னு காது நெனைக்குது, அது முடியமாட்டேங்குது, அதனாலதான் நெஞ்சு அடிக்குது" என்று தொடையில் தட்டிக் காட்டினான். எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்த இசையை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

நம் மண்ணின் பேய்ப்படத்துக்கும் நமக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிவதில்லை. பொந்தியானாக் என்ற பெண்பேயை முதன்முதலில் பெரும் வெற்றியாகத் திரைக்குக் கொண்டுவந்த 1957ஆம் ஆண்டு மலாய்ப் படத்தை, சிங்கப்பூரின் கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். மரியா மெனாடோ பொந்தியானாக்காக நடித்தார். அந்த முதற்படத்தின் பிரதி இன்று இல்லை. அதே இயக்குநரும் நடிகையும் சேர்ந்து 1958இல் அளித்த ‘சும்பா பொந்தியானாக்’ எஞ்சியிருப்பதால் அதைத்தான் பார்த்தோம். அன்றிரவு பேசியவர்கள் எல்லாம் பெண்கள். பொந்தியானாக் என்பவள் பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் என்பது மலாய் நம்பிக்கை. வாழை மரத்தில் இருப்பாள் என்பார்கள். தோட்டத்தில் நாங்கள் இரத்தக்காட்டேரி என்றும் மோகினி என்றும் சொன்ன கதைகளில் வந்தவளும் அப்படி இறந்தவள்தான். லயத்திலேயே பிரசவம் பார்த்த காலத்தில், நள்ளிரவில் சிக்கலானால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி இல்லாத காலத்தில், எத்தனை பெண்கள் போய்ச்சேர்ந்தார்கள் என்பதை மூத்தவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். பேயாக வருகிறாள் என்று சொல்லப்பட்டவள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் இருந்தது, ஒரு லயத்து எண் இருந்தது.

ஆனால் என்னை முழுவதுமாக மாற்றிய இரவு, ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தைப் பார்த்த இரவு. 1968இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். வெளியிடும்போது தலைப்பை மாற்றியதில் உரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அமெரிக்காவில் அது யாரும் திரையிடக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது. எழுந்து நடக்கும் பிணங்களுக்குப் பயந்து சிலர் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் ஏற்ற நாயகப் பாத்திரம் வெளியே போய்த் தப்பித்து ஓடி வரும்போது, உள்ளே இருக்கும் ஒருவன் அவனுக்குக் கதவைத் திறக்க மறுக்கிறான். இரவெல்லாம் போராடிப் பிழைத்த அந்த நாயகனைக் கடைசியில் சுட்டுக் கொல்பவர்கள் உயிரோடிருக்கும் மனிதர்கள்.

படம் முடிந்ததும் எண்பதைத் தாண்டிய மாமா ஒருவர்தான் முதலில் பேசினார். 1948 ஜூன் 16ஆம் நாள் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. மாமா அப்போது சிறுவன். இரவில் கதவு தட்டப்பட்டால் வெளியே நிற்பது காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுப் போராளியா, அவர்களைத் தேடி வந்த படையினரா என்று தெரியாமல் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் என்றும், பேயாக இருந்தால் பரவாயில்லை என்று அவருடைய அப்பா மெதுவாகச் சொல்வார் என்றும் கூறினார்.

அப்போது, வழக்கமாக எதுவும் பேசாமல் கச்சாங் பூத்தேயைத் தட்டில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் என் அம்மா வாய் திறந்தார். என் பாட்டியைப் பற்றிப் பேசினார். இரவில் வாசலிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாட்டி உடனே பதில் சொல்ல மாட்டார். மூன்றாம் முறை கேட்ட பிறகே எழுவார். பேய் இரண்டு முறைதான் கூப்பிடும் என்ற நம்பிக்கை நம் எல்லார் வீட்டிலும் உண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. அம்மா சொன்னது இதுதான். ஜப்பான்காரன் காலத்தில் பாட்டியின் அண்ணனைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அடி உதையிலும் அங்கேயே மாண்டார்கள். போர் முடிந்த பின் ஒரு மழை இரவில் வாசலில் யாரோ பாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்போது சிறுமியாக இருந்த பாட்டி எழுந்து ஓடப் போனார். அவருடைய தாயார் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் தடவை கூப்பிடட்டும் என்றார். குரல் இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறை கேட்கவில்லை. விடிந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. வந்தது அண்ணனின் ஆவியா, அல்லது உயிரோடு திரும்பி வந்து, நின்று பார்த்து, கதவு திறக்காததால் போய்விட்ட அண்ணனேவா என்ற கேள்வியோடுதான் பாட்டி எண்பது வயதுவரை வாழ்ந்து மறைந்தார்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பாட்டியின் மடியில் வளர்ந்தவள் நான். இந்தக் கதையை அந்த இரவுக்கு முன் நான் கேட்டதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். யாரோ ஒருவன் கதவைத் திறக்க மறுக்கும் அமெரிக்கப் படம் ஒன்று ஓடாதிருந்தால், அது அம்மாவோடேயே போயிருக்கும்.

இதனால்தான் பேயையும் நகைச்சுவையையும் கலந்து அடுத்தடுத்து வரும் தமிழ்ப் படங்கள் மீது எனக்கு வருத்தம் அதிகம். அச்சம் நெஞ்சில் இறங்கும் முன்பே ஒரு சிரிப்புக் காட்சி வந்து அதைத் துடைத்துவிடுகிறது. படம் முடிந்தபின் பேச எதுவும் மிஞ்சுவதில்லை. ஆயினும் 2011இல் வந்த ‘காஞ்சனா’வை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையாகச் சரத்குமார் நடித்த அந்தப் பகுதி வந்தபோது, எங்கள் வாசலில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லி, சாமான்களைச் சாலையோரத்தில் இறக்கி வைத்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் அங்கே ஆறேழு பேர் இருந்தார்கள். நிலம் பறிபோனவள் திரும்பி வருகிறாள் என்பது அவர்களுக்கு வெறும் கதையாக இல்லை.

நம் கதையை நாமே எடுக்க வேண்டும் என்று நான் ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்களிடம் வற்புறுத்துகிறேன். காட்டின் நடுவே ஒரு சிறு குடும்பத்தை வைத்துக் குறைந்த செலவில் எமிர் எஸ்வான் எடுத்த ‘ரோ’ என்ற மலாய்ப் படம், 93ஆவது ஆஸ்கார் விருதுக்கு மலேசியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. நம்மிடம் என்ன குறை? வெயில் ஏறும் முன்பே பால் நன்றாக வடியும் என்பதால், பெரட்டு என்னும் காலைப் பெயரழைப்பு முடிந்து இருள் பிரியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குள் தனியே நுழைந்த பெண்களின் உலகம் நம்முடையது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் நிற்கும் மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே காட்சி. விளக்கின் வட்டத்துக்குள், பால் பிடிக்கும் மங்கில் சொட்டும் வெள்ளைப் பால். எல்லையில் முனியாண்டி சாமியின் அரிவாள். அந்த இருட்டை வாழ்ந்து பார்த்தவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் போய்த் தாமான்கள் வந்தன. எந்த மரத்தடியில் யார் தொங்கினார், எந்தப் பாலத்தில் யார் குரல் கேட்டது என்ற விவரம் அந்த இடங்களோடு சேர்ந்து அழிந்துகொண்டே இருக்கிறது. கைப்பேசியிலேயே நல்ல படம் எடுக்கத் தெரிந்த என் மாணவர்கள் அமெரிக்கப் பாழ்வீட்டையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

பெரியம்மா, உங்களுக்குத் தெரிந்த கதைகள் எனக்குத் தெரிந்தவற்றைவிட நிச்சயம் அதிகம். வரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறோம். படம் பார்க்க விருப்பம் இல்லையென்றால் பத்து மணிக்கு, விளக்குப் போட்ட பிறகு வாருங்கள். பேத்தியிடம் சொன்னால் வண்டி அனுப்புகிறேன். உங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் யாருடைய பெயராவது நினைவிருந்தால் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறேன். பாட்டியின் அண்ணன் பெயர் அம்மாவுக்கும் தெரியவில்லை. ‘பெரியண்ணன்’ என்று மட்டும்தான் பாட்டி சொல்வாராம். இந்த ஆண்டுப் படையலில் அவருக்கும் ஓர் இலை போடுகிறோம்.