கேரவனுக்கு டிஷ்தான் சரி
கேரவனில் டிவி பார்ப்பது பற்றிய உங்கள் குறிப்பில், பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்த யாகி ஆன்டெனா, அதாவது தரைவழி ஒளிபரப்பை வாங்கும் கம்பி ஆன்டெனா, வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். மதுரைப் பக்கம் அது பயன்படாது. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது. சிக்னலே இல்லாதபோது பூஸ்டர் இரைச்சலைத்தான் கூட்டும். 60 செ.மீ. டிஷ்ஷும், தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்கான பாக்ஸும் போதும், மாதக் கட்டணம் கிடையாது.

ஃப்ரீ டிஷ் சேனல்கள் வரும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இங்கிருந்து தென்கிழக்கே, காம்பஸில் சுமார் 122 டிகிரியில், தொடுவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இது ஆஃப்செட் டிஷ் (சிக்னலை நேராக அல்லாமல் சாய்வாக வாங்கும் வகை) என்பதால் அவ்வளவு அண்ணாந்து வைக்கக் கூடாது. முகம் 45 டிகிரி பார்க்கும்படி தொடங்கி மெதுவாக நகர்த்துங்கள். பிறகு எல்என்பியை (டிஷ்ஷின் முன் கையில் சிக்னலை வாங்கும் கருவி) திருப்பிப் பார்த்து, டிவி திரையில் பாக்ஸ் காட்டும் 'குவாலிட்டி' அளவு உச்சத்துக்கு வரும் இடத்தில் முடுக்குங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கூரையில் பொருத்தினால் ஆள் ஏறி இறங்கும்போதே வண்டி ஆடி சிக்னல் போகும். தரையில் ஸ்டாண்ட், காலுக்கு மணல் மூட்டை. அழகர்மலை அடிவாரத்தில் நிறுத்தினால், தென்கிழக்கே மரம் மறைக்காத இடமாகப் பாருங்கள்.