பதிலே வராத கட்டுரைகள்

கட்டுரை வேண்டாம் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை, வேறு பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம். பதிலே போடாமல் இழுத்தடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்கள் விதி. சரி, மதிக்கிறேன். எத்தனை நாள் காத்திருப்பது என்று அவர்களும் சொல்ல வேண்டாமா? கோடை விடுமுறைக்கென்று எழுதி, மாத இதழாயிற்றே என்று முன்கூட்டியே அனுப்பிய கட்டுரை, குளிர்காலம் வந்த பிறகும் அப்படியே கிடக்கிறது. நினைவூட்டி மெயில் போட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி. அப்புறம் மறுபடி மௌனம். ஏற்றுக்கொண்டாலும் பணம் அச்சான பிறகுதான். எப்போது அச்சாகும் என்று யாரும் சொல்வதில்லை. அதற்காக எழுதுவதை விட்டுவிட முடியுமா? கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிட்டேன். முதல் பத்தியைத் திருத்தி இன்றைக்கே வேறோர் இதழுக்கு அனுப்புகிறேன்.