ஆனதோத்து நிலத்தின் கிரயப் பத்திரம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், வேதாகம வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வாசல் விளக்கின் வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, "உனக்கு என்ன வந்தது?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதோடுதான் பலருக்குப் புத்தாண்டு பிறக்கிறது. பிறகு அந்த அட்டை வேதாகமத்துக்குள்ளோ பீரோ கண்ணாடியிலோ ஆண்டு முழுவதும் இருக்கும். இதை நான் கேலி செய்யவில்லை. ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் கண்முன் வைத்திருப்பதில் என்ன தவறு இருக்க முடியும்? என் மனக்குறை வேறு. கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்ற வசனம் தவறாமல் அச்சாகிறது. தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்ற வசனம் யார் கைக்காவது வந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அட்டைகளில் மிகுந்த செல்வாக்குள்ள வசனம் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வரி வேலைக்குக் காத்திருப்பவருக்கும், பெண்ணுக்கு வரன் தேடுபவருக்கும், பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் ஒரேபோல் ஆறுதல் சொல்லப் பயன்படுகிறது. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வாக்கியம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனபின், அங்கே நாள்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த நடுவயதுக்காரர் ஒருவருக்கு அதன் பொருள் உடனே விளங்கியிருக்கும்: நீ ஊர் திரும்பப் போவதில்லை, உன் பேரப்பிள்ளைகள் திரும்பலாம். அந்த எழுபது வருஷத்துக்குள் செய்ய வேண்டியவையும் அதே கடிதத்தில் இருக்கின்றன. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். இந்த வசனங்களை யாரும் அட்டையில் போடுவதில்லை. பகைவனின் ஊர் நன்றாக இருக்க வேண்டுமென்று ஜெபிக்கச் சொல்லும் வசனத்தைத் தாம்பாளத்தில் வைத்தால், எடுத்தவர் அதை மறுபடியும் தாம்பாளத்திலேயே போட்டுவிட்டு வேறு அட்டை எடுப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும், ஆலயத்துப் பாத்திரங்களும் வரும், ராஜாவும் வருவான் என்று அறிவிக்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். அன்றைய ஆலயக் கூட்டத்தில் நாம் நின்றிருந்தால் யாருக்கு அல்லேலூயா சொல்லியிருப்போம்? சந்தேகமே வேண்டாம், அனனியாவுக்குத்தான். எரேமியாவும் அவனிடம், கர்த்தர் அப்படியே செய்வாராக, ஆமென் என்றுதான் முதலில் சொல்கிறார். நல்ல செய்தியை அவர் வெறுக்கவில்லை. அது கர்த்தரிடமிருந்து வராத செய்தி என்பதே அவருடைய மறுப்பு. அனனியாக்களுக்கு இன்றும் குறைவில்லை. அவர்களில் பலர் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வருஷம் என்று நம்பிக்கொண்டிருப்பவன் வீடு கட்டமாட்டான், தோட்டம் போடமாட்டான். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு வருஷம் கழிந்த பிறகு அவனுடைய விசுவாசம் என்னவாகும் என்பதை அனனியா வந்து பார்ப்பதில்லை.

இதனால் அடிபடுகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சபையில் ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவர்கள்தாம். கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்பதை வாங்கல் கொடுக்கல் கணக்காக்கிவிட்டால், ஆசீர்வாதம் வராத வீட்டில் கீழ்ப்படிதலில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஊரே வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறார். காலையில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, புண் வராமல் பவுடர் போட்டு, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் தனக்கென்று காபி போட்டுக்கொள்வார். ஜெபிக்க வந்த ஒரு குழுவினர் ஒரு நாள் அவரைத் தனியே அழைத்து, அறிக்கையிடாத பாவம் ஏதாவது குடும்பத்தில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் என்னிடம் சொன்னார்: "யோசிக்கிறதுக்கு எனக்கு எங்கே தம்பி நேரம் இருக்கு?" கீழ்ப்படிதலைப் பற்றி நான் கேட்ட பல பிரசங்கங்களைவிட அந்த வீட்டில் நடப்பதுதான் கீழ்ப்படிதல் என்பது என் எண்ணம். சாட்சி சொல்லும் நேரத்தில் அவருக்கு ஒலிவாங்கியை யாரும் நீட்டுவதில்லை. சொல்வதற்கு அவரிடம் 'முடிவு' இல்லையே. விசா கிடைத்தவர் எழுந்து நிற்கிறார், கட்டி கரைந்தவர் எழுந்து நிற்கிறார். அவர்கள் நன்றி சொல்லட்டும், அது நியாயமே. கட்டி கரையாதவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வேதாகமத்தில் குற்றமில்லாமல் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுதான். அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது யோபுவின் மேல் அல்ல, யோபுவுக்கு விளக்கம் சொன்ன மூவர் மேல். நம் மண்ணில் யோபுவின் கதை ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. நான் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன், புனிதர் வணக்கம் எங்கள் வழக்கம் அன்று. ஆனாலும் தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றைக் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்டபிள்ளை, வீட்டில் அடுத்தடுத்து வந்த நட்டங்களால் மனமுடைந்திருந்த காலத்தில், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டச்சுத் தளபதி டிலனாய். டிலனாயோ 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, தன்னைத் தோற்கடித்த அரசனுக்கே படையைப் பயிற்றுவித்துக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர். பாபிலோனுக்கு எழுதப்பட்ட கடிதம் அவருக்கும் பொருந்தும்.

நீலகண்டபிள்ளை 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன் பிறகு அவருடைய நட்டங்கள் தீர்ந்தனவா? பதவி போனது, 1749-இல் கைதானார், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது நம் ஊர்க்காரர்கள் பெருமைப்பட்டோம், சரிதான். ஆனால் ஞானஸ்நானம் பெற்ற அந்த நாளிலிருந்து சுடப்பட்ட நாள் வரையிலான ஏறக்குறைய ஏழு ஆண்டுகளை இன்றைய சாட்சி நேரத்தின் அளவுகோலால் அளந்தால், அவருடைய வாழ்க்கை ஒரு தோல்வி. அவர் பெற்றதாக எழுந்து நின்று சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய வரலாற்றில் நாம் வேகமாகக் கடந்துபோகும் இன்னொன்றும் இருக்கிறது. உயர்சாதியில் பிறந்த அவர் மற்றச் சாதியாரோடு பழகுவதிலும் உண்பதிலும் வேற்றுமை பாராட்டவில்லை, எல்லாரும் சமம் என்று வெளிப்படையாகவே பேசினார். அவருக்கு எதிராக மூண்ட பகையில் இதற்கும் பங்கு உண்டு. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில், சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்வதற்கு வசதியாக நடுவில் தடுத்து ஒரு தேவாலயம் கட்டப்பட்டது. அந்தத் தடுப்புச்சுவர் இடிக்கப்பட்டது 1910-இல். சீர்திருத்தச் சபையாராகிய நாம் இதைப் படித்துவிட்டு உச்சுக்கொட்ட வேண்டியதில்லை. நம் திருமண விளம்பரங்களையும், டயோசிசன் தேர்தல் நேரத்துக் கணக்குகளையும் ஒருமுறை பார்த்தாலே போதும். தசமபாகம் கொடு, ஓய்வுநாளை ஆசரி, சினிமாவுக்குப் போகாதே என்பதோடு கீழ்ப்படிதல் நம்மிடையே நின்றுவிடுகிறது. கீழ்ப்படிந்தால் சொந்தக்காரர்களை இழக்க நேரும், பிள்ளையின் சம்பந்தம் கைவிட்டுப் போகும், ஊரில் பெயர் கெடும் என்ற இடத்துக்கு வந்தவுடன் "ஞானமாக நடந்துகொள்ள வேண்டும்" என்று ஆரம்பிக்கிறோம். என்னைப் பொறுத்தவரை, செலவில்லாத கட்டளைகளை மட்டும் கைக்கொள்வதற்கு விசுவாசமே தேவையில்லை. நல்ல பழக்கம் போதும்.

சுகம் கிடைக்கவில்லை என்றால் விசுவாசக் குறைவு என்பவர்களுக்கு டோனாவூர் இருக்கிறது. கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்குழந்தைகளை அங்கே எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழிந்தன. அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவா, அவருக்குத்தான் விசுவாசம் குறைவா? அந்தப் படுக்கையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார், வேலையை நடத்தினார். இதற்கு மேல் நான் விளக்கம் சேர்க்க விரும்பவில்லை.

"அப்படியானால் எதற்காக ஜெபிப்பது, எதை நம்புவது?" என்று ஒரு தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்கு நான் மீண்டும் எரேமியாவிடமே போகிறேன், ஆனால் 32-ஆம் அதிகாரத்துக்கு. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக எரேமியா காவலில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் தகப்பனாரின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத்து எரேமியாவின் சொந்த ஊர். தீர்க்கதரிசனம் சொன்னால் கொன்றுவிடுவோம் என்று அவரை முன்பே மிரட்டிய ஊரும் அதுதான். நகருக்கு வெளியே எதிரிப்படை சூழ்ந்திருக்கும் பக்கத்தில் கிடக்கும் நிலம். எந்தப் புத்தியுள்ளவனும் வாங்கமாட்டான். கர்த்தர் வாங்கு என்கிறார், எரேமியா வாங்குகிறார்.

அந்தக் கிரயத்தை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளைக் கையெழுத்திட வைக்கிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தம் எழுத்தராகிய பாருக்கின் கையில் கொடுத்து, அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பதைப்போல் ஒவ்வொரு படியும் ஒழுங்காக நடக்கிறது; அப்போதும் முற்றுகை தொடர்கிறது. இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். அது ஸ்தோத்திர ஜெபமாகத் தொடங்கி ஒரு முறையீட்டில் போய் முடிகிறது: நகரமோ கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ பணங்கொடுத்து நிலம் வாங்கச் சொன்னீரே! கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று சொல்பவர்கள் இந்த ஜெபத்தை வாசிக்க வேண்டும். அவர் கீழ்ப்படிந்துவிட்டார், ஆனால் புரிந்துகொண்டுவிட்டதாக நடிக்கவில்லை. இவ்வூரில் மறுபடியும் வீடுகளும் வயல்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் பதில் சொல்கிறார். எரேமியாவுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே நகரம் விழுந்தது. மீந்திருந்தவர்கள் அவரை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்து அந்த நிலத்தில் ஏர் பூட்டியதாக வேதத்தில் எங்கும் இல்லை.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: கேள், தாராளமாகக் கேள், சுகத்தையும் வேலையையும் கேள், கிடைத்தால் நன்றி சொல். ஆனால் கிடைப்பதை வைத்து கர்த்தர் உண்மையுள்ளவரா என்று தீர்மானிக்காதே. கிடைக்காத பக்கத்து வீட்டாரை வைத்து அவர்கள் உண்மையுள்ளவர்களா என்றும் தீர்மானிக்காதே.

சபைப் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் பலர் இந்தப் பதிவை வாசிக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது சாட்சி நேரத்தை, கேட்டது இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் ஒரு சங்கீதத்தை மட்டும் வாசிக்கட்டும்; முடிவு 'அல்லேலூயா'வாக இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் நம் வேதாகமத்தில்தான் இருக்கிறது. ஜெபக்குழுக்கள் வீடு சந்திக்கப் போகும்போது, விளக்கம் சொல்லும் பொறுப்பை அங்கே யாருக்கும் கொடுக்காமல், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்குவதற்கு யார் அங்கே இருப்பது என்று முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளுங்கள்.