கார்டு எது என்பது அப்புறம், முதலில் கேமரா எது என்று சொல்லு தம்பி

போன வாரம் கானாடுகாத்தான் தம்பி ஒருவன் புதுக் கம்ப்யூட்டர் போடுவதற்கு ஒரு பாகப் பட்டியல் அனுப்பியிருந்தான். கையில் இரண்டரை லட்சம். பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி கேம். முதல் வரியிலேயே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5080 கிராஃபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி), யூபிஎஸ் எல்லாம் கடைசியில், மிச்சம் இருக்கிற காசுக்கு. "அண்ணே, சரியா இருக்கா?" என்று கேட்டான். இல்லை. இதே பட்டியலை வேறு வேறு ஆட்கள் அனுப்பிக்கொண்டே இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எந்தக் கேமராவில் எடுக்கிறோம் என்பதில்தான் பட்டியல் தொடங்க வேண்டும். நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீட்டில் திருப்பூட்டு (தாலி கட்டுவது) எடுத்தவர்களுக்குத் தெரியும், வளவு என்கிற உள்முற்றத்து நடுவில் வெயில் கொட்டும், நாலடி தள்ளித் தேக்குத் தூணுக்குப் பின்னால் ஆச்சிமார் உட்கார்ந்திருக்கிற இடம் இருட்டாக இருக்கும். இரண்டையும் ஒரே ஷாட்டில் காப்பாற்ற, லாக் (வெளிச்சம், இருட்டு இரண்டையும் அடக்கும் மங்கலான பதிவு) வைத்து, நிற விவரம் அதிகமாக இருக்கும் 10 பிட் 4:2:2-இல் எடுக்கிறோம். அந்த ஃபைல் எச்.265 என்ற சுருக்கும் முறையில் வரும்போது எல்லா சிப்பும் அதை லேசாக ஓட்டிவிடாது. இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்று ஒன்று உண்டு, 11-ஆம் தலைமுறையில் இருந்து அது இந்த ஃபைலை டீகோட் செய்கிறது, அதாவது சுருக்கத்தைப் பிரித்து ஓட்டுகிறது. என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த 50 வரிசையில்தான் (5080, 5070 டிஐ எல்லாம் இதில்தான்) அந்த வசதி வந்தது. அதற்கு முந்தைய 4090-இல்கூடக் கிடையாது. ஏஎம்டி-யின் ரைசன் சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸிலும் இல்லை.

இது எனக்குக் காசு கொடுத்துத் தெரிந்த விஷயம். 2022-இல் நான் மெஷின் போட்டபோது, கடைக்காரர் "கார்டுதான் தனியா இருக்கே, இரண்டாயிரம் குறையும்" என்று சொல்லி இன்டெல் 12700 சிப்புக்குப் பதில் 12700எஃப் கொடுத்தார். எஃப் என்றால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று கேமரா ஃபுட்டேஜை டைம்லைனில் அடுக்கினால் ப்ளே பட்டனை அழுத்தியதும் படம் நின்று நின்று ஓடும். ராத்திரி முழுக்க ப்ராக்ஸி (லேசான நகல் ஃபைல்கள்) போட்டுவைத்துவிட்டு, மறுநாள்தான் வெட்ட உட்கார முடியும். அந்தக் கல்யாண வீட்டுக்குச் சொன்ன தேதியில் ஆல்பத்தைத்தான் கொடுக்க முடிந்தது, வீடியோவைக் கொடுக்க முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, தம்பி பட்டியலுக்கு வருவோம். கேமுக்கு அதில் இருக்கிற ரைசன் 9800எக்ஸ்3டி அருமையான சிப், 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி). 8 கோர்தான், ஆனால் கூட 50 வரிசை கார்டு இருந்தால் 4:2:2 வேலையைக் கார்டு பார்த்துக்கொள்ளும். அதனால் சிப்பை மாற்றச் சொல்லவில்லை. கார்டைத்தான் 5070 டிஐ-க்கு இறக்கச் சொன்னேன். இரண்டிலும் 16 ஜிபி மெமரிதான். கேமில் கொஞ்சம் ஃப்ரேம் குறையும், உண்மைதான், ஆனால் மிச்சமாகிற பணத்துக்கு வேறு அவசரம் இருக்கிறது.

அந்த அவசரம் கரண்ட். வீட்டுக்குச் சாதாரணமாக வாங்குகிற 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். 5080 தனியாகவே 360 வாட் வரை இழுக்கும்! ரெண்டர் (முடிந்த வீடியோவை ஃபைலாக்குவது) ஓடும்போது கரண்ட் போனால் அந்த யூபிஎஸ் அங்கேயே கைவிரித்துவிடும். 5070 டிஐ-யின் 300 வாட், அதோடு சிப், மானிட்டர் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, யூபிஎஸ்ஸில் விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கொடுக்கிற சைன் வேவ் உள்ளதாக. எஸ்எம்பிஎஸ் 850 வாட், நல்ல கம்பெனி, இதில் பேரமே வேண்டாம். அப்புறம் எர்த். பழைய வயரிங் உள்ள வீட்டில் மூன்று பின் பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டையில் வயரே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் அதைச் சரிபார்க்காமல் மெஷினை ஓட்டாதீர்கள்.

ரேம் விலை இப்போது ஏறிக் கிடக்கிறது, இருந்தாலும் எடிட்டிங்குக்கு 64 ஜிபி போடத்தான் சொல்வேன். 32 வீதம் இரண்டு. இந்த ரைசன் போர்டில் நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் இறங்கும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) ரேமை அதற்குச் சொன்ன வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவை ஆன் செய்ய மறந்துவிடாதீர்கள். எஸ்எஸ்டி இரண்டு, விண்டோஸுக்கு ஒன்று, ஃபுட்டேஜுக்கு ஒன்று, நாலாம் தலைமுறை (ஜென் 4) வேகமே போதும். கேபினட் முன்பக்கம் வலையாக இருக்கட்டும், சித்திரை வெயிலில் கண்ணாடி முகப்பு வேண்டாம்.

தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டான். கண்ணாடி கேபினட்டை விடத்தான் மனசு வரவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வருகிறார், எர்த் பார்த்த பிறகுதான் ஆர்டர்.